ஜீப்புக்கு முன்னால யாரும் நிக்காதீங்க

நான் கல்யாண வீட்டு போட்டோகிராபர். இதைச் சொன்னதும் சிலர் என்னைக் கலைஞன் என்று நினைத்து மரியாதையாகப் பார்ப்பார்கள். அவர்கள் என் ஆல்பத்தைப் பார்க்காதவர்கள். திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தக் கல்யாண ஆல்பத்தை வேண்டுமானாலும் புரட்டுங்கள். பெண், மாப்பிள்ளை, மாமன், அத்தை, சமையல்காரர் என்று அத்தனை பேரும் முகவாயை மேலே தூக்கிக்கொண்டு, உத்தரத்தில் பல்லி தேடுகிறவர்கள் போல நின்றுகொண்டிருப்பார்கள். அது என் பாணி. இரட்டைத் தாடை தெரியாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் எனக்கு வேறு பாணி தெரியாது.

தொழிலில் எனக்கு இருப்பது ஒரே ஒரு கொள்கை. மேடை ஏறியவரைப் படம் எடுக்காமல் இறக்கிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டில் வடை வராமல் போனால்கூட மன்னித்துவிடுவார்கள். போட்டோவில் விட்டுப்போனால் அவ்வளவுதான். அந்தக் கல்யாணப் பெண்ணின் பிள்ளைக்குக் காது குத்தும்போதுகூட, "உங்க கல்யாணத்துல என்னைய ஒருத்தன் போட்டோ எடுக்காம உட்டானே, அவன் இன்னும் கடை வெச்சிருக்கானா?" என்று விசாரிப்பார்கள். அதனால் கேமராவில் இடம் தீர்ந்துபோனாலும் நான் ஃபிளாஷை மட்டுமாவது அடித்துவிடுவேன். முகத்தில் ஒரு வெளிச்சம் பட்டால் போதும், திருப்தியாக இறங்கிப் பந்திக்குப் போய்விடுவார்கள்.

இப்படிப்பட்ட ஒருவனிடம் வந்து, "மச்சான், ஆளே இல்லாம ஒரு படம் எடுத்துக் குடுங்க" என்றார் என் தங்கை வீட்டுக்காரர்.

அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறார். நல்ல மனிதர். ஒரு ஜீப் வாங்கும்வரை இன்னும் நல்ல மனிதராக இருந்தார். எங்கேயோ ஏலத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜீப் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மாட்டுக் கொட்டகையில் பாதியை அதற்கு ஒதுக்கினார். மாடு மழையில் நனைந்தது. ஜீப் நனையவில்லை. பழைய டயரைக் கழற்றிவிட்டு டிராக்டருக்குத் தம்பி மாதிரி நான்கு டயர் மாட்டினார். வண்டியின் உடம்பை மேலே தூக்கினார். ஏறுவதற்கே முக்காலி வேண்டும் என்ற நிலைமை வந்தபிறகுதான் நிறுத்தினார். முன்னால் ஒரு இரும்புக்கயிறு சுற்றும் வின்ச், பக்கத்தில் கூரை உயரத்துக்கு ஒரு குழாய், நெற்றியில் பத்திருபது விளக்கு. பம்பருக்குப் பளபளவென்று எஃகு. அதை வாரம் தவறாமல் விபூதி போட்டுத் தேய்ப்பார். வீட்டுச் சாமி வெறும் நெற்றியோடு இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தங்கை பொறுமைசாலி. ஆனால் எல்லாப் பொறுமையும் நடவுக்கு ஆள் கிடைக்கிறவரைதான். போன சம்பாவில் நாற்று முற்றிப்போய், ஆள் கிடைக்காமல், கடைசியில் நடவு மெஷினுக்கு ஊர் ஊராக அலைந்து, நட்டு முடிப்பதற்குள் இருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இதை வித்துட்டு ஒரு நடவு மெஷின் எடுங்க. ஊருக்கே நட்டுக் குடுக்கலாம்."

"இது வண்டி இல்லம்மா. இது ஒரு..."

"என்னது?"

அந்த நேரத்தில்தான் தஞ்சாவூர்ப் பக்கம் வண்டிக் காட்சி நடக்கப்போகிற செய்தி வந்தது. மலையிலும் காட்டிலும் ஓட்டுவதற்காக மாற்றிக் கட்டிய வண்டிகளெல்லாம் அங்கே வரும். அவற்றில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, மாதத்துக்கு ஒன்றாகக் கேலண்டர் போடுவார்கள். படத்தை வண்டிக்காரரே எடுத்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டார். கேலண்டரில் வந்தால் ஜீப் வீட்டில் இருக்கும், வராவிட்டால் மெஷின் வரும். தங்கை ஒத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், படம் எடுக்கப்போவது நான் என்று கேள்விப்பட்டதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

மாசி மாதம். அறுவடை முடிந்த பெரிய வயல். தாள் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு ஓரத்தில் பந்தல், மைக் செட், பஜ்ஜிக் கடை. இன்னொரு ஓரத்தில் போர்செட் தண்ணீரை விட்டுச் சேறாக்கிய நீண்ட பள்ளம். சாயங்காலம் வண்டிகளெல்லாம் அதில் இறங்கிப் புரள வேண்டும். அதைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "இவ்ளோ அழகா தொழி கலக்கிட்டு நாத்தை வுடாம காரை வுடுறானுவளே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

வண்டிகள் திருச்சி, கோயம்புத்தூர், கேரளா என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தன. ஒன்றின் தலையில் கூடாரமே கட்டியிருந்தது. ஏணி வைத்து ஏறிப் படுத்துக்கொள்ளலாமாம். எங்கள் ஜனங்கள் அதைச் சுற்றி நின்று, "பனி புடிக்காதா?", "ராத்திரி ஒண்ணுக்கு வந்தா?" என்று நியாயமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழங்கால்வரை சேற்றுக் காலணி. போட்டோவுக்கான விதிகளை அவரே எங்களிடம் சொன்னார்.

"வண்டி முழுசா தெரியோணுங்ண்ணா. இன்னைக்கு, இங்கயே எடுத்த படமா இருக்கோணும். சேத்து ஓட்டம் ஆரம்பிக்கறக்கு முன்னாடி குடுத்துருங். அப்பறம் முக்கியமா, படத்துல ஒரு ஆளுகூட இருக்கக் கூடாதுங்."

"ஒருத்தர்கூடவாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தர்கூடங்ண்ணா. ஆளு நின்னா அல்லாரும் ஆளத்தான் பாப்பாங்க."

அவ்வளவுதானே என்று நினைத்தேன். என் அறிவு அப்படி. வண்டியை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். பிறகு, எந்த யோசனையும் இல்லாமல், பழக்கதோஷத்தில், குடை லைட்டை எடுத்து ஸ்டாண்டில் மாட்டி ஜீப்புக்கு முன்னால் நட்டுவிட்டேன். மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த வெளிச்சத்தில் குடை லைட், சமுத்திரத்துக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஆனால் குடை நட்டால்தான் எனக்குக் கை ஓடும்.

எங்கள் பக்கத்தில் அந்த வெள்ளைக் குடைக்கு ஒரே ஒரு பொருள்தான். அது நிற்கிற இடம் மேடை. எதிரே யார் இருந்தாலும் அவர் பக்கத்தில் போய் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். போகாவிட்டால் அந்த வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.

முதலில் வந்தவர் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். நேராக வந்தார். செருப்பைக் கழற்றினார். ஜீப்பின் பானெட் மேல் ஒரு கையை வைத்து, துண்டைச் சரி செய்துகொண்டு நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

அவர் இரண்டு அடி தள்ளி, பம்பருக்கு நடுவில் நின்றார். "இங்கயா?"

நான் என்ன செய்ய வேண்டும்? 'நீங்கள் வேண்டாம், வண்டி மட்டும் போதும்' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க."

எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை. ஒரு குடும்பம் உயர வாரியாக நின்று தயாராக இருந்தது. அதன் பின்னால் புதுசாகக் கல்யாணமான ஜோடி. அதன் பின்னால் சம்பந்தமே இல்லாமல் ஆட்டுக்குட்டியோடு ஒருவர். ஒரு அம்மா கைக்குழந்தையைக் கொண்டுவந்து ஜீப்பின் விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே உட்கார வைத்துவிட்டு, "புடிச்சுக்கோ சாமி" என்று வண்டியிடம் சொல்லிவிட்டு விலகி நின்றார்.

"ஏங்க, இது என்னங்க பைப்பு?" என்று குடும்பத் தலைவர் மாப்பிள்ளையைக் கேட்டார். "அடுப்பு இருக்கா உள்ள?"

"இல்லீங்க. தண்ணியில போறப்ப வண்டி மூச்சு விடறதுக்கு."

"எந்தத் தண்ணியில?"

"ஆறு கீறு வந்தா..."

"ஆத்துல தண்ணி வந்தா நாங்க சாகுபடி பாக்கப் போயிடுவமே. நீங்க வண்டியில போவீங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்ணீர் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"மச்சான், எல்லாரையும் போவச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது மாப்ள? அதோ அந்த சிவப்புச் சேலை, உங்க சித்தப்பா சம்பந்தி."

"எந்த சித்தப்பா?"

"அது தெரியாது. ஆனா அவங்கதான் சொன்னாங்க."

அப்படியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒருவர் என்னிடம் வந்து, பந்தி எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொருவர், பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்றார். மாப்பிள்ளை வண்டி என்றேன். தலையாட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தங்கை தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். வரிசையைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், பானெட் மேல் உட்கார்ந்து வாய் வழிய விட்டுக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"என்னண்ணே, வண்டிக்கு வளைகாப்பா?"

நான் அடுத்தவரை முகவாயைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மைக்கில் சேற்று ஓட்டத்துக்குத் தயாராகுங்கள் என்று முதல் அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என் மூளையில், வருஷத்துக்கு ஒரு தடவை எரிகிற அந்த விளக்கு எரிந்தது. ஜனங்கள் வந்தது ஜீப்புக்காக அல்ல. குடைக்காக.

"மாப்ள, எந்திரிங்க. இந்தக் குடையத் தூக்கிட்டுப் போய் அந்தக் கூடார வண்டி முன்னால நடுங்க. இந்தாங்க, என் பழைய கேமரா. பேட்டரி கிடையாது. கண்ணுல வெச்சுக்கிட்டு அமுக்கிட்டே இருங்க. குடையில வெளிச்சம் அடிக்கிறதுக்கு இந்தப் பொத்தானை."

"நான் என்ன சொல்லணும்?"

"முகவாயைத் தூக்குங்கன்னு சொல்லணும்."

மாப்பிள்ளை குடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். சாமி ஊர்வலத்தில் குடைக்குப் பின்னால் கூட்டம் போவது போல வரிசை அப்படியே வளைந்து அவருக்குப் பின்னால் போனது. ஆட்டுக்குட்டியும் போனது. குழந்தையை அதன் அம்மா எடுத்துக்கொண்டார். தூரத்தில் அந்தக் கூடார வண்டிக்காரர் மலையாளத்தில் ஏதோ கூவினார். பிறகு அவரையும் நிறுத்தி ஒரு வெளிச்சம் அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, அமைதியாகிவிட்டார்.

ஜீப் தனியாக நின்றது. முன்னால், பின்னால், பக்கத்தில், ஒரு ஈ காக்கை இல்லை. தங்கைகூட வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டாள். நான் கேமராவைத் தூக்கினேன். அமைதி. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் முகம் இல்லாத ஒன்றைப் படம் எடுத்ததே இல்லை. எங்கே பார்ப்பது, என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ம்... ரெடி" என்று ஜீப்பிடம் சொன்னேன். அது அசையாமல் நின்றது. அந்த விஷயத்தில் மாமன்மார்களைவிட எவ்வளவோ மேல். கிட்டத்தில் போய், நன்றாக, நிறைவாக எடுத்தேன்.

மாப்பிள்ளைக்குக் கை காட்டினேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தார். மரத்தடியிலிருந்து வந்த தங்கையோடு மூவரும் நடுவர் மேசைக்குப் போனோம். நடுவர் கேமராவை வாங்கினார், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வண்டி அருமையா இருக்குங். அப்பா, என்னா வேலைப்பாடு." மாப்பிள்ளையின் முகம் விளக்கு போட்ட மாதிரி ஆனது. "ஏனுங்ண்ணா, ஆனா இது யாருங்?"

எட்டிப் பார்த்தேன். விபூதி போட்டுத் தேய்த்த பம்பரில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். புளியங்கொட்டை அளவு தலை. அதற்குக் கீழே, எஃகின் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு, கட்டம் போட்ட சட்டையில் ஒரு தொப்பை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து கடல்வரை பரவினாற்போல் அது பம்பரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாய்ந்திருந்தது. நான் எனக்கும் சொல்லியிருக்க வேண்டும், முகவாயைத் தூக்கு என்று.

"அது... நாந்தாங்க."

"ஆளு இருக்கக் கூடாதுன்னு சொன்னனுங்களே."

"நான் ஆளு இல்லீங்க, போட்டோகிராபர்."

நடுவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு நடுவர், மீசைக்காரர், அவரும் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "மறுபடி எடுத்துட்டு வாங். ஓட்டம் ஆரம்பிக்கப் போவுது, வெரசா" என்று நடுவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி ஜீப்பிடம் வந்து பார்த்தால், மாப்பிள்ளை குடையோடு நின்ற பாவத்துக்கு, பாதிக் கூட்டம் அவரைத் தேடி வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. சேற்றுப் பள்ளத்துக்குப் போனார், இரண்டு கையிலும் சேற்றை அள்ளி வந்தார், ஒரு நிமிஷம் பம்பரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அப்பினார். வாரம் வாரம் தேய்த்த பம்பர். பச்சைப் பிள்ளைக்கு ஊசி போடும்போது தகப்பன் முகம் ஒன்று இருக்குமே, அது.

தங்கை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் குடையக் குடுங்க."

"நீ எதுக்கு?" என்றேன். "தோத்தாதான உனக்கு மெஷினு?"

"தோக்கறதுன்னாலும் ஒழுங்கா தோக்கணும்ல. இவரு முகத்தப் பாக்க சகிக்கல." குடையைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணே, நீ எவ்ளோ தூரம் போவணுமோ போ. பம்பர்ல உன் வயிறு தெரியாத தூரத்துக்குப் போ. கோடியக்கரை வரைக்கும் போனாலும் சரி."

அவள் கூட்டத்தை நடத்திக்கொண்டு போன விதம் இருக்கிறதே, நான் இத்தனை வருஷம் தொழில் செய்தது வீண். "பெரியவங்க பின்னால, புள்ளைங்க முன்னால, ஆடு ஓரமா. யாரு மெதிச்சது என் சேலைய? நில்லுங்க நேரா." பந்தலுக்கு மறுபக்கம் மொத்தக் கூட்டமும் பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி நின்றது.

நான் ஜீப்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தபடி கேமராவைக் கண்ணில் வைத்தேன். பம்பரில் நான் இல்லை. ஆனால் முன்விளக்குக் கண்ணாடியில் இருந்தேன். ஒரு விளக்கில் அல்ல, நெற்றியில் இருந்த பத்திருபது விளக்கிலும் தலா ஒரு நான். பின்னால் போனேன். நான்கள் சின்னதானார்கள். இன்னும் போனேன். கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, பின்னால பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

எனக்குத் தெரியும் இந்தக் குரல். யாரையோ எடுக்காமல் விட்டுவிட்டேன், கூப்பிடுகிறார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, இன்று யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

"அண்ணே! சொல்றது காதுல வுழலையா?"

விழுந்தது. அடுத்த நொடி நானும் விழுந்தேன். எனக்குப் பின்னால் வடிகால் வாய்க்கால். அங்கே அது இருந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முதுகைக் காட்டியிருந்த என்னைத் தவிர.

விழும்போதும் விரல் பொத்தானை விடவில்லை. அது தாலி கட்டும் நேரத்துப் பழக்கம். பின்னாலிருந்து யார் தள்ளினாலும், யார் காலை மிதித்தாலும், அமுக்கிய விரலை எடுக்கக் கூடாது. உடம்பு தண்ணீருக்குள் போனது, கேமராவைப் பிடித்த கை மட்டும் வெளியே நின்றது. செருப்பு ஒன்று தனியாக மயிலாடுதுறைப் பக்கம் புறப்பட்டது.

மைக்கில் கடைசி அறிவிப்பு. ஈரம் சொட்டச் சொட்ட மேசைக்கு ஓடினேன். ஓடிக்கொண்டே படங்களைத் தள்ளிப் பார்த்தேன். விழுவதற்கு முன் எடுத்ததிலெல்லாம் விளக்குகளில் நான் பொடிப்பொடியாக இருந்தேன். விழுந்தபின் எடுத்ததில் என்னைத் தூக்க ஓடி வருகிற ஜனங்கள். கடைசியில் ஒரு கொக்கும் நிறைய வானமும். நடுவில், ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்த கணத்தில், ஒரே ஒரு படம். ஜீப் முழுசாக இருந்தது. ஆள் இல்லை. விளக்குக் கண்ணாடிகளில் நீல வானம் மட்டும். ஆனால் ஜீப் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, செங்குத்தாக எதன்மேலோ ஏறிக்கொண்டிருந்தது.

நடுவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங், காலைல இருந்து தேடறேன், இந்த ஊர்ல ஒரு முழ மேடுகூட இல்லைங்களே. இதை எங்கீங் ஏத்துனீங்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையிலிருந்து ஒரு வெங்காயத்தாமரையை எடுத்துக் கீழே போட்டேன்.

"மேடு இல்லீங்க. வண்டி சமமாத்தான் நிக்குது. நான்தான் பள்ளத்துக்குப் போயிட்டிருந்தேன்."

மீசை நடுவர் எழுந்துவிட்டார். "அப்ப இது கணக்குல வராது. மலை ஏறுற மாதிரி ஏமாத்துது. பின்னால பாருங்க, தென்னை மரமெல்லாம் சாஞ்சு நிக்குது."

இதற்குள் தங்கை, குடை, அதன் பின்னால் மொத்த வரிசை, எல்லாம் மேசையைச் சூழ்ந்துவிட்டன. முதலில் படம் எடுத்துக்கொண்ட வேட்டிப் பெரியவர் முன்னால் வந்தார்.

"புயலுக்கப்பறம் எங்க பக்கம் தென்னை அப்படித்தாங்க."

"கரண்டு கம்பம்கூட சாஞ்சிருக்குதே."

"அதுவும் அப்படித்தாங்க. மனு குடுத்திருக்கோம்."

"சரி. அந்தத் தண்ணித் தொட்டி?"

பெரியவர் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அது போன வாரம் வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு" என்றார்.

பெண் நடுவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். வண்டி முழுசாக இருக்கிறது, ஆள் இல்லை, இன்றைக்கு இங்கே எடுத்தது, இந்த மூன்றுதானே விதி, நேராக நிற்க வேண்டும் என்று எங்கே சொன்னோம் என்று மீசைக்காரரைக் கேட்டார். மீசைக்காரர் யோசித்தார். கூட்டத்தையும் பார்த்தார். அதில் பாதிப் பேர் காலையிலிருந்து என் கேமராவில் அந்த ஜீப்போடு படம் எடுத்துக்கொண்டவர்கள். இப்போது எல்லோருமே அந்த வண்டிக்குச் சொந்தக்காரர்கள். ஆடுகூட முறைத்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பரிசு கூடார வண்டிக்குப் போனது. நியாயம்தான். பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராக மைக்கில் வாசித்தார்கள். பத்தாவது வரைக்கும் எங்கள் வண்டி வரவில்லை. பதினொன்றாவதும் இல்லை. மாப்பிள்ளை சேற்றுக் கையோடு தங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவரும் கவனிக்கவில்லை, அவளும் தட்டிவிடவில்லை. பன்னிரண்டாவதாக எங்கள் பெயர் வந்தது. டிசம்பர்.

மாப்பிள்ளை குதித்த குதியில் மிச்சமிருந்த புளிச்சோறு கவிழ்ந்தது. தங்கை குனிந்து தூக்குச்சட்டியை நிமிர்த்தினாள். "சரி, வெச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "அந்த மீசைக்காரன் மட்டும் முடியாதுன்னு சொல்லியிருக்கட்டும், இந்தக் குடைக் கம்பியாலயே..." என்றாள்.

கேலண்டர் தையில் வந்தது. இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை வந்த அன்றே டிசம்பரைத் திருப்பி வைத்துவிட்டார். அதனால் அந்த வீட்டில் தையிலிருந்தே டிசம்பர்தான் நடக்கிறது. வருகிறவர்கள் முகூர்த்த நாள் பார்க்க நிமிர்ந்து, அதற்குள் வருஷமே முடிந்துவிட்டதா என்று பதறுகிறார்கள். தேதி பார்ப்பதற்கென்று தங்கை பக்கத்தில் தனியாக ஒரு தினசரி நாள்காட்டி வாங்கி மாட்டியிருக்கிறாள்.

போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். கேலண்டர் ஆணியில் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தேதிகளெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, முப்பத்தொன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஆனால் ஜீப் மட்டும் தரையில் நிற்பதுபோல வெகு நேராக நின்றது. மாப்பிள்ளை வயலிலிருந்து வந்தார், கையைக் கழுவினார், முதல் வேலையாகக் கேலண்டரைப் பிடித்து நேராக்கினார். ஜீப் மறுபடி மலை ஏறத் தொடங்கியது. அவர் கொல்லைப்பக்கம் போனதும் தங்கை காப்பியோடு வந்தாள். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு விரலால் கேலண்டரின் மூலையைத் தட்டினாள்.

"என்ன புள்ள இது?"

"அவரு ஏத்தி வுட்டுட்டுப் போறாரு. பாக்கற எனக்குத்தான் வயித்தக் கலக்குது" என்றாள். "போறப்ப வரப்ப இறக்கி வுட்டுக்கறேன்."